இலையா, பட்டையா, காயா? எல்லையோர மருத மரங்களை எதைக் கொண்டு உறுதி செய்வது

வாளையாறு, வேலந்தாவளம், கோபாலபுரம் எனச் சோதனைச் சாவடிகளால் வெளியூர்க்காரர்களுக்குத் தெரியவந்த ஊர்களின் சுற்றுவட்டாரத்தில், தோட்டத்துப் பள்ளத்தின் கரையிலோ வாய்க்கால் ஓரத்திலோ நாட்டு மரம் வைக்க நினைப்பவர்கள் கேட்டு வாங்கும் மரங்களுள் ஒன்று மருது. கேட்பது எளிது, கைக்கு வந்தது எந்த மருது என்று உறுதி செய்துகொள்வது அவ்வளவு எளிதாக இல்லை. நீர்மருது, கருமருது, பூமருது ஆகிய மூன்றும் பெயரிலேயே மருதைத் தாங்கியவை. தான்றியும் கடுக்காயும் அவற்றுக்கு நெருங்கிய உறவு. ஐந்தும் டெர்மினாலியா என்ற ஒரே பேரினத்தில் அடங்குபவை. ஐந்தும் பாலக்காட்டுக் கணவாயை ஒட்டிய காடுகளிலும் ஆற்றங்கரைகளிலும் தாமாகவே வளர்பவை.

உறவு நெருக்கமானதே தவிர, தேவை ஒன்றாக இல்லை. ஆழியாற்றின் கரையிலும், அதன் நீரையும் வாங்கிக்கொண்டு ஓடும் சித்தூர்ப்புழையின் கரையிலும் வேர் நனைய நிற்பது நீர்மருது. வாளையாற்றுக்கு மேலே உள்ள சரிவுகளைப் போன்ற இலையுதிர் காடுகளில், கோடையில் மொட்டையாகி, தரைத்தீயையும் தாங்கி நிற்பது கருமருது. கரைக்கு வைத்த நாற்று கருமருது என்பதும், மேட்டு நிலத்துக்கு வைத்தது நீர்மருது என்பதும் தெரியவருவதற்குள் சில ஆண்டுகள் கழிந்துவிடும். அதற்குப் பிறகு பிடுங்கி நடவும் முடியாது. ஆகையால் இலை, பட்டை, காய் என்ற மூன்று அடையாளங்களுள் எதை நம்பி முடிவெடுப்பது என்பதை முன்கூட்டியே தீர்மானித்துக்கொள்வது நல்லது.

மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் போதாதா என்று கேட்கத் தோன்றும். மூன்றும் ஒரே நாளில் கிடைப்பதில்லை என்பதே சிக்கல். கருமருது, தான்றி, கடுக்காய் ஆகியவை மாசி, பங்குனியில் இலை உதிர்த்து நிற்கும். அவற்றின் காயைத் தேடிப் போகும் பருவமும் ஏறக்குறைய அதுவே. இலை நிறைந்திருக்கும் ஆடி, ஆவணியில் மரத்தில் முற்றிய காய் இராது. நாற்றங்காலில் பையில் நிற்கும் ஓர் அடிச் செடிக்குப் பட்டையும் இல்லை, காயும் இல்லை. நாட்டு மருந்துக் கடையின் சாக்கில் கிடப்பதோ வெறும் பட்டை. எந்தச் சூழலில் எது கையில் இருக்கிறதோ அதைக்கொண்டு எவ்வளவு தூரம் போகலாம் என்று பார்ப்பதே நடைமுறை.

முதலில் பட்டையை எடுத்துக்கொள்கிறேன், ஏனெனில் எல்லோரும் முதலில் பார்ப்பது அதைத்தான். ஆண்டு முழுவதும் கிடைக்கும், எட்டி நின்றே பார்க்கலாம், கிளையை வளைக்க வேண்டியதில்லை. முதிர்ந்த நீர்மருதின் அடிமரம் வழவழப்பாக, சாம்பல் கலந்த வெண்மையில், இடையிடையே இளஞ்சிவப்பும் பசுமையும் ஓடிய திட்டுகளோடு இருக்கும். மெல்லிய, ஒழுங்கற்ற வடிவமுள்ள தகடுகளாக மேற்பட்டை உரிந்து விழும். உரிந்த இடம் வெளிறியும் உரியாத இடம் சற்று மங்கியும் தெரிவதால் மரமே திட்டுத்திட்டாகக் காணப்படும். முதிர்ந்த மரத்தின் தூர்ப்பகுதி பலகை பலகையாகப் புடைத்து, அணைச்சுவர் கொடுத்ததுபோல் நிற்கும். கருமருது இதற்கு நேர் எதிர். கருஞ்சாம்பல் நிறம், தடிப்பான பட்டை, நீளவாக்கில் ஆழமான வெடிப்புகளும் அவற்றைக் குறுக்காக வெட்டும் வெடிப்புகளும் சேர்ந்து, கையளவுக்கும் சிறிய கட்டங்களாகப் பிளந்து கிடக்கும். முதலை முதுகு என்று இதைச் சொல்வது மிகையில்லை. முதிர்ந்த கருமருதுகள் சிலவற்றின் அடிமரத்தில் கோடைக்காலத்தில் நீர் சேர்ந்திருப்பதும் உண்டு. காட்டில் வேலை செய்பவர்களுக்கு அது தெரிந்த செய்தி.

முதிர்ந்த நீர்மருதும் முதிர்ந்த கருமருதும் அருகருகே நின்றால் பள்ளிக்கூடப் பிள்ளைகூடப் பிரித்துச் சொல்லிவிடும். பட்டைக்குக் கிடைத்திருக்கும் நற்பெயர் முழுவதும் இந்த ஓர் இணையால் வந்தது என்றே நினைக்கிறேன். அதற்கு வெளியே அடி வைத்தவுடன் பட்டை தடுமாறத் தொடங்குகிறது. இளம் கருமருதில் கட்டங்கள் இன்னும் உருவாகியிராது. அதன் பட்டை வேறு எந்த இளமரத்தின் பட்டையையும் போலச் சாதாரணமாக இருக்கும். பூமருதின் பட்டை கரும்பழுப்பு நிறத்தில் ஆழமில்லாத வெடிப்புகளோடு இருப்பது. கடுக்காயின் பட்டையும் கரும்பழுப்பு, நீளவாக்கில் வெடித்துச் செதில்களாகக் கழல்வது. இவ்விரண்டையும் பட்டையை மட்டும் பார்த்துப் பிரிப்பதற்கு நீண்ட பழக்கம் வேண்டும். தான்றியின் பட்டை நீலம் ஓடிய சாம்பல் நிறத்தில், நெருக்கமான நுண்ணிய நீள்வெடிப்புகளோடு இருக்கும். பழகிய கண் அதைப் பிடித்துக்கொள்ளும். புதிதாகப் பார்ப்பவர் பிடிப்பது அரிது. இதற்கெல்லாம் மேல், தரைத்தீ தீண்டிய காட்டில் எல்லா மரத்தின் அடியும் ஆள் உயரத்துக்குக் கருத்திருக்கும். அங்கே நிறத்தை வைத்து எதையும் சொல்ல இயலாது.

வெளிறிய பட்டை என்றால் நீர்மருது என்று முடிவுகட்டுவதிலும் ஆபத்து இருக்கிறது. வெண்தேக்குக்கும் வழவழப்பான, உரியும், வெளிறிய பட்டைதான். வெக்காலியும் தூரத்திலிருந்து பார்த்தால் அப்படியே தோன்றும். இவை இரண்டும் கணவாயின் இருபுறக் காடுகளிலும் உள்ளவை. மருதின் பேரினத்தோடு வெண்தேக்குக்கு நேரடி உறவு கிடையாது. ஊதாப்பூ பூக்கும் மணிமருது கேரளத்துச் சாலையோரங்களிலும் பூங்காக்களிலும் நடப்படுவது. அதுவும் நீர்ப்பாங்கான இடத்தை விரும்புவது, அதன் பட்டையும் வெளிறி உரிவது. அதையே பூமருது என்று அழைப்பவர்களும் நம்மில் உண்டு என்பதால், பெயரைக் கேட்டு நம்புவதும் பட்டையைப் பார்த்து நம்புவதும் சில நேரங்களில் ஒரே குழியில் கொண்டுபோய் விட்டுவிடும். எல்லையைத் தாண்டினால் கருமருது கரிமருதாகவும் தேம்பாவாகவும், தான்றி தான்னியாகவும், பூமருது வெறும் மருதாகவும் மாறிவிடுகின்றன. கொழிஞ்சாம்பாறைச் சந்தையில் மருது என்று கேட்பவரும் பொள்ளாச்சியில் மருது என்று கேட்பவரும் ஒரே மரத்தைக் கேட்கிறார்கள் என்பதற்கு உறுதி ஏதுமில்லை.

இலைக்கு வருவோம். முழு இலையின் தோற்றத்தை வைத்துப் பார்த்தால் ஐந்தும் ஏறத்தாழ ஒன்றே: பிளவில்லாத தனியிலை, சாண் நீளத்துக்குள் அடங்குவது, தோல் போன்ற தடிப்பு. தோற்றத்தை விட்டுவிட்டு, இலைக்காம்பும் இலைத்தாளும் சேரும் இடத்தைப் பார்க்க வேண்டும். நீர்மருதின் நீள்சதுர வடிவ இலையைப் பறித்துக் காம்பின் மேல்முனையில் விரல் நகத்தை வைத்தால், ஒரு பக்கத்திலோ இரு பக்கத்திலுமோ கடுகளவு முண்டு தட்டுப்படும். அது தேன் சுரக்கும் சுரப்பி; தளிர்ப் பருவத்தில் அதைத் தேடி எறும்புகள் வருவதும் உண்டு. கருமருதில் அந்தச் சுரப்பிகள் இடம் மாறியிருக்கும். இலையைத் திருப்பி, அடிப்புறத்தில் நடுநரம்பின் தொடக்கத்தில் தேட வேண்டும். அங்கே சிறு கிண்ணம் போல ஒட்டிக்கொண்டிருக்கும். பூமருதிலும் சுரப்பிகள் அடிப்புறத்தில், இலையின் அடியை ஒட்டியே இருக்கும். ஆனால் அதன் இலையடி வட்டமாகவோ இதய வடிவிலோ, பெரும்பாலும் இரு பக்கமும் சமமில்லாமலோ இருப்பதால் கருமருதிலிருந்து பிரிந்து நிற்கும்.

நீர்மருதோடு சுரப்பியின் இடத்தில் போட்டியிடுவது கடுக்காய் மட்டுமே, ஏனெனில் கடுக்காயிலும் காம்பின் மேல்முனையிலேயே இரண்டு சுரப்பிகள் இருக்கும். அங்கே காம்பின் நீளத்தைப் பார்க்க வேண்டும். நீர்மருதின் காம்பு குட்டை, பெரும்பாலும் ஒரு சென்டிமீட்டர் அளவில் முடிந்துவிடும். கடுக்காயின் காம்பு இரண்டு முதல் ஐந்து சென்டிமீட்டர் வரை போகும், இலையும் முட்டை வடிவத்தை நெருங்கும். கடுக்காயின் இளந்தளிர் பட்டுப்போன்ற மயிரோடு பளபளக்கும். இன்னோர் அடையாளமும் உண்டு: பூச்சி தாக்கிய கடுக்காய் மரத்தின் இலைகளில் உள்ளே பொள்ளலான, கோணல்மாணலான முடிச்சுகள் வளரும். கடையில் கடுக்காய்ப்பூ என்று விற்கப்படுவது பூவே அன்று, இந்த முடிச்சுதான்.

தான்றியின் இலைக்கு இவ்வளவு நுணுக்கம் தேவைப்படாது. நீண்ட காம்புள்ள அகன்ற இலைகள் கிளை நுனியில் கொத்தாகச் சேர்ந்து நிற்கும்; மற்ற நான்கிலும் இலைகள் எதிரெதிராகவோ ஏறக்குறைய எதிரெதிராகவோ அமைந்திருக்க, தான்றியில் மட்டும் மாறிமாறி அமைந்து நுனியில் நெருங்கும். நளன் கதையில் மன்னன் இருதுபன்னன் தேரில் போகும்போதே எண்ணிச் சொன்னது தான்றி மரத்தின் இலையையும் காயையும்தான். பிறகு நளனை விட்டு நீங்கிய கலி புகுந்துகொண்டதும் அதே மரத்தில்தான். பழங்காலத்துச் சூதாட்டக் காயாகவும் தான்றிக்கொட்டை பயன்பட்டது என்பதை நினைத்தால் கதையின் பொருத்தம் விளங்கும்.

சுரப்பியை நம்புவதற்கு ஒரு நிபந்தனை உண்டு. எல்லா இலையிலும் அது இருக்காது. சிலவற்றில் ஒன்றே இருக்கும், சிலவற்றில் ஒன்றுமே இராது. ஒரே ஓர் இலையைப் பறித்து, சுரப்பி இல்லை, ஆகவே மருது இல்லை என்று தீர்ப்பு எழுதக் கூடாது. ஒரு கிளையில் பத்து இலையையாவது திருப்பிப் பார்க்க வேண்டும். பத்திலும் எங்கும் இல்லை, இலைகள் நேர் எதிரெதிராக உள்ளன, அடிப்புறம் வெளுத்திருக்கிறது என்றால் அது வெண்தேக்காக இருக்கலாம் என்று சந்தேகிப்பது சரி.

மூன்றில் மிகவும் வலுவான சாட்சி காய். பட்டை வயதுக்கு ஏற்ப மாறும், இலை இளமைக்கும் முதுமைக்கும் இடையே மாறும். முற்றிய காய் அப்படி மாறுவதில்லை. ஐந்து மரங்களின் காய்களையும் ஒரு முறத்தில் கொட்டினால், முதல் பார்வையிலேயே அவை இரண்டாகப் பிரியும். கடுக்காயும் தான்றிக்காயும் சிறகு இல்லாதவை, சதைப்பற்று உள்ளவை. தான்றிக்காய் உருண்டை, சாம்பல் பழுப்பில் வெல்வெட்டு போன்ற நுண்மயிர் போர்த்தது, இரண்டு மூன்று சென்டிமீட்டர் குறுக்களவு கொண்டது. கடுக்காய் சற்று நீண்டது, மயிரற்றது, பழுத்தால் மஞ்சள் கலந்த பழுப்பு. உலர்ந்தபின் அதன் மேல் ஐந்து வரம்புகள் எழும்பும். திரிபலா சூரணத்துக்காக இரண்டையும் வாங்கிப் பழகிய வீட்டுப் பெண்களுக்கு இந்த வேறுபாட்டை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தோல் பதனிடுபவர்களும், சுண்ணாம்புச் சாந்தில் கடுக்காய்த் தண்ணீர் கலந்து வீடு கட்டிய பழைய கொத்தனார்களும் அதைக் கையிலேயே அறிந்தவர்கள்.

எஞ்சிய மூன்றும் சிறகுக் காய்கள். பூமருதின் காய் மிகச் சிறியது. மூன்று சிறகுகளுள் ஒன்று மட்டும் பெரிதாக வளர்ந்திருக்கும். ஐப்பசிக்கு முன்பே பூத்து முடிந்து, கார்த்திகை, மார்கழியில் மரத்தின் உச்சி முழுவதும் செம்பழுப்புக் காய்க்கொத்துகளால் மூடியிருப்பதால், பரம்பிக்குளம் போகும் வழியில் ஓடும் வண்டியிலிருந்தே அதை அறியலாம். கருமருதுக்கும் நீர்மருதுக்கும் ஐந்தைந்து சிறகுகள். இங்கேதான் பலர் நின்றுவிடுகிறார்கள்: ஐந்து சிறகு இருந்தால் மருது, அவ்வளவுதான் என்று சொல்லி ஒரே கோணியில் கட்டிவிடுகிறார்கள். கருமருதின் சிறகு அகலமானது, மெல்லியது, ஓரம் காகிதம்போல் வளையக்கூடியது. நீர்மருதின் சிறகு குறுகியது, தடித்தது, நாரோடு கூடியது. அளவில் மயக்கம் வந்தால் சிறகின் மேல் ஓடும் கோடுகளைப் பார்க்க வேண்டும். கருமருதில் அந்தக் கோடுகள் காயின் நடுத்தண்டிலிருந்து விளிம்புவரை நேராக, நெருக்கமாக, சீப்பின் பற்களைப் போல ஓடும். நீர்மருதில் அவை புறப்பட்ட சிறிது தொலைவிலேயே மேல்நோக்கி வளைந்துவிடும். காயை வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தால் கண்ணாடி போட்டவருக்கும் தெரியும், பூதக்கண்ணாடி தேவைப்படாது. இந்த ஐந்து மரங்களைப் பற்றி ஒரே ஓர் அடையாளத்தை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள இடம் உண்டு என்றால், நான் இந்தக் கோட்டைத்தான் வைத்துக்கொள்வேன்.

இவ்வளவு வலுவான சாட்சிக்கும் ஒரு பலவீனம் உண்டு. அது கணவாய்க்கே உரியது. மேற்குத் தொடர்ச்சி மலையில் கோவைக்கும் பாலக்காட்டுக்கும் இடையே விழுந்திருக்கும் முப்பது, நாற்பது கிலோமீட்டர் அகல இடைவெளி காற்றுக்குத் திறந்த வாசல். பாலக்காட்டார் விருச்சிகக் காற்று என்று அழைக்கும் கிழக்குக் காற்று கார்த்திகையில் தொடங்கித் தை, மாசி வரை வீசும். சிறகுக் காய்கள் முற்றி உதிரும் பருவத்தின் முற்பகுதியும் அந்தக் காற்றும் ஒன்றின் மேல் ஒன்று விழுகின்றன. ஆற்றங்கரையில் வெள்ளம் அடித்துவந்து ஒதுக்கிய காய்களும் இதில் சேரும். எனவே ஒரு மரத்தின் அடியில் கிடக்கும் காய் அந்த மரத்தினுடையதே என்று கொள்ள முடியாது. மரத்திலேயே தொங்கும் ஒரு கொத்தைக் கண்ணால் பார்த்துவிட்டு, அதே வகைக் காயைக் கீழே பொறுக்குவதே முறை. நீர்மருதின் காய்கள் மாசி முதல் வைகாசி வரை முற்றும் என்பதால் அதற்கு நேரம் இருக்கிறது. காற்று அடங்கிய பங்குனியில் பொறுக்கினால் குழப்பம் குறையும்.

விதை சேகரிப்பவருக்கு, ஆகவே, காயே முதல் சாட்சி, மரத்தின் பட்டை இரண்டாம் சாட்சி. சிறகுக் கோடு வளைந்திருக்க வேண்டும், மரம் நீரோட்டத்தை ஒட்டி நிற்க வேண்டும், அடிமரம் வெளிறி உரிந்திருக்க வேண்டும். மூன்றும் ஒத்துப்போனால் அது நீர்மருதுதான். ஓரிரு நாள் தண்ணீரில் ஊறவைத்து விதைத்தால் முளைப்பு விரைவுபடும். காப்புக்காட்டுக்குள் புகுந்து பொறுக்குவதற்கு இரு மாநிலத்திலும் அனுமதி வேண்டும். ஊர்ப் புறம்போக்கிலும் சொந்தக்காரர் சம்மதத்தோடு தோட்டத்துக் கரையிலும் தாய்மரம் பார்த்துக்கொள்வது தொல்லையில்லாதது.

நாற்று வாங்குபவருக்கு இலையைத் தவிர வேறு வழி இல்லை. ஆனால் நாற்றின் இலையை முழுவதும் நம்பவும் முடியாது. இளஞ்செடியில் மயிர் மிகுந்திருக்கும், சுரப்பி தெளிவாகத் தெரியாது. அந்த நிலையில் நாற்றங்கால்காரரிடம் இது என்ன மருது என்று கேட்பதைவிட, விதை எங்கே எடுத்தது என்று கேட்பது அதிகப் பயன் தரும். ஆற்றங்கரை மரத்திலிருந்து எடுத்தது என்றால் ஒரு கணக்கு, மலைச்சரிவிலிருந்து என்றால் வேறு கணக்கு. பதிலே வரவில்லை என்றால் அந்தப் பையைக் கீழே வைத்துவிடலாம். விதைப் பெட்டியில் மிச்சக் காய் ஒன்று கிடந்தால் அதைக் கேட்டு வாங்கிப் பார்ப்பதில் வெட்கம் ஏதுமில்லை.

மருந்துக்காகப் பட்டை வாங்குபவரின் நிலைதான் மோசம். மரத்தில் இருக்கும்போதே தடுமாறும் சாட்சி, நறுக்கி உலர்த்திய பிறகு முழுதும் ஊமையாகிவிடுகிறது. சாக்கில் கிடக்கும் சிவந்த துண்டுகளைப் பார்த்து, இது நீர்மருது, இது அதன் உறவு என்று வெறும் கண்ணால் சொல்வதாக ஒருவர் அடித்துப் பேசினால், அவரை நான் நம்பத் தயங்குவேன். மருத்துவர் சொல்லித்தான் வாங்குவது என்றாலும், நிற்கும் மரத்தை இலையும் காயும் கொண்டு உறுதி செய்தவர் எடுத்துத் தருவதையே வாங்க வேண்டும். அவரும் மரத்தைச் சுற்றி வளையமாக உரிக்காதவராக இருக்க வேண்டும், ஏனெனில் வளையமாக உரித்த மரம் பிழைப்பதில்லை.

இவை எதிலும் மனம் நிறையாதவர்களுக்குக் கோவையிலேயே இரண்டு இடங்கள் உள்ளன. 1902-ல் தொடங்கப்பட்ட காஸ் வன அருங்காட்சியகத்தில் மரத்துண்டுகளை நேரில் பார்க்கலாம். 1853-ல் உருவான சென்னை உலர்தாவரத் தொகுப்பு இப்போது கோவையில், இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென்மண்டல நிலையத்தில் இருக்கிறது. தாளில் ஒட்டிய இலையும் காயும் அங்கே ஒப்பிட்டுப் பார்ப்பதற்கென்றே வைக்கப்பட்டுள்ளவை. அங்கே போகிறவர்கள் காம்போடு கூடிய நாலைந்து இலைகளையும், கிடைத்தால் இரண்டு காய்களையும் செய்தித்தாளில் மடித்து, எடுத்த இடத்தையும் தேதியையும் அதிலேயே எழுதிக் கொண்டுபோக வேண்டும். பட்டைத் துண்டை மட்டும் எடுத்துக்கொண்டு போனால், உறுதியான பதிலை எதிர்பார்க்க முடியாது.